தேசிக்காய்க்குப் பொங்கிய கோட்டை

"பிள்ளை, உவையள் ஆரோடை சண்டை பிடிச்சவை?"

மங்கையற்கரசி துர்க்காவிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். 1996ஆம் ஆண்டு வைகாசி மாதம். கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, கிறேக்மூர் கோட்டையின் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தபடி கேட்டாள்.

"ஆர் அன்ரி?"

"உந்தக் கோட்டைக்காரர்தான்."

"ஒருத்தரோடையும் இல்லை."

"பிறகென்னத்துக்கு மேலை பல்லுப் பல்லாய்க் கட்டி வைச்சிருக்கினம்? அதுக்குப் பின்னாலை ஒளிச்சு நிண்டெல்லோ சுடுறது?"

"அது வடிவுக்கு."

"அப்ப உந்தச் சுவரிலை நீட்டு நீட்டாய்க் கிடக்கிற ஓட்டையள்?"

"அம்பு விடுறதுக்கு. ஆனா ஒருத்தரும் விடேல்லை. அந்த ஓட்டைக்குப் பின்னாலை ஜாம் போத்தல் அடுக்கிற அறைதான் இருக்கு. நான் உள்ளுக்குப் போய்ப் பாத்தனான்."

"ஜாமோ!"

"ஓம் அன்ரி. கட்டினவர் மாவு மில்காரர். ஸ்கொட்லாந்திலையிருந்து வந்தவர். அந்தக் காலத்திலை இஞ்சை சுத்திவரக் கோதுமை வயல்தானாம். விக்ரோறியா மகாராணி இருக்கேக்கை காசுக்காரருக்கு உது ஒரு பாஷன். அறுநூறு வருசத்துக்கு முந்தின கோட்டை மாதிரி, புதுசாக் கட்டுறது."

"கல்லெண்டாலும் உண்மைக் கல்லோ, இல்லாட்டி உதுவும் வடிவுக்கோ?"

"கல் உண்மை. ஆனா வெளியிலை ஒரு முழம்தான். உள்ளுக்குச் செங்கல்."

மங்கையற்கரசி வாய்விட்டுச் சிரித்தாள். "சரிதான். வெளியிலை ராசா, உள்ளுக்கை மில்காரன்!" பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு, "பிள்ளைக்குக் கதைக்கத் தெரியும்போலை. ஒரு கிழமையாய் உன்னை ஊமையெண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றாள்.

துர்க்காவுக்கு முகம் சிவந்துபோயிற்று. அவள் பல்கலைக்கழக விடுமுறையில், கோட்டையைத் திருத்தும் வேலைக்கு வந்திருந்தவள். கோட்டையின் ஒவ்வொரு கல்லுக்கும் வெண்கட்டியால் ஓர் இலக்கம் எழுதி, அதே இலக்கத்தைப் பெரிய வரைபடத்தில் பதிவதுதான் அவளுடைய வேலை. கல்லோடு கதைக்கத் தேவையில்லை என்பதாலேயே அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் மங்கையற்கரசி கல்லோடும் கதைக்கிறவள்.

மங்கையற்கரசிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்துக்காரி. கனடாவுக்கு வந்து நாலு வருசம். முதலில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஒட்டினாள். அது மூடப்பட்டதும் துப்புரவு வேலை எடுத்துக்கொடுக்கும் ஓர் ஏஜென்சியில் பதிந்தாள். அவர்கள் அவளைக் கோட்டைக்கு அனுப்பினார்கள். நகரத்தின் விளிம்பில் ரூஜ் என்ற பகுதியில் புதிதாக எழும்பியிருந்த வீடுகளில் ஒன்றின் நிலக்கீழ் பேஸ்மென்ரில்தான் அவள் வாடகைக்கு இருந்தாள். பஸ்சுக்கு நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால், பள்ளத்தாக்கு மரங்களுக்கு மேலே ஒரு வட்டக் கோபுரமும் ஒரு சதுரக் கோபுரமும் தெரியும். இரண்டு வருசமாக அதை ஏதோ பழைய ஜெயில் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அவள். அதற்குள்ளேயே வேலை என்றதும் துள்ளிக் குதித்துவிட்டாள்.

வேலை என்னவோ சின்ன வேலைதான். அலுவலகமாகப் பாவித்த இரண்டு ட்ரெயிலர்களைத் துடைக்க வேண்டும். மலசலகூடம் கழுவ வேண்டும். வாசற்படிகளில் விழும் கல்தூளைக் கூட்டி அள்ள வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைக்குக் கோல் எடுத்து, "அம்மா கோட்டையிலை வேலை செய்யிறன்" என்று மகள் பிரதீபாவிடம் சொன்னபோது, அந்தப் பக்கத்தில் ஒன்பது வயதுப் பிள்ளை மூச்சு விட மறந்தது.

"அங்கை ராசா இருக்கிறாரோ அம்மா?"

"ராசா இல்லை. ஆனா கல்லிலை செய்த ஆக்கள் கனபேர் இருக்கினம். வாசல்லை ஒருத்தி நிக்கிறாள். ஒவ்வொரு நாளும் என்ரை முதல் குட்மோர்ணிங் அவளுக்குத்தான்."

"எனக்குக் காட்டுவியளோ?"

"வாங்கோவன். கட்டாயம் காட்டுவன்."

பிரதீபாவும் அவளுடைய தகப்பன் தியாகலிங்கமும் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். ஐப்பசி மாதம் அவர்களுக்கு விசா இன்ரவியூ. அதற்கு முன்னால் மங்கையற்கரசி ஒழுங்கான வேலையில் இருக்கிறாள் என்று கொம்பனியிலிருந்து ஒரு கடிதம் போய்ச் சேர வேண்டும். ஏஜென்சியின் கடிதம் செல்லாது என்று ஏற்கெனவே ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். கோட்டையைத் திருத்தும் கொம்பனி, மூன்று மாதம் முடிந்தால் தன் பெயரிலேயே கடிதம் தருவதாக ஒத்துக்கொண்டது. ஆவணி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை டிறெக்டர் வருவார், வந்து கையெழுத்து வைப்பார். மங்கையற்கரசி அந்த வெள்ளிக்கிழமையைச் சுற்றி, பேஸ்மென்ரில் தொங்கிய கோயில் கலண்டரில் சிவப்புப் பேனையால் மூன்று வட்டம் போட்டிருந்தாள்.

இனி வாசலில் நின்றவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்டை வாசலுக்கு மேலே கூரான ஒரு வளைவு. மழைத்தண்ணீர் கதவில் வடியாமல் இருக்க, அந்த வளைவைச் சுற்றிப் புருவம்போல ஒரு கல் வரம்பு. புருவத்தின் இரண்டு முனைகளிலும் இரண்டு தலைகள் செதுக்கியிருந்தார்கள். வலப்பக்கம் தாடி வைத்த ஆண். இடப்பக்கம் முக்காடு போட்ட ஒரு பெண். மேல்படியில் ஏறி நின்றால் அவளுடைய முகம் மங்கையற்கரசியின் முகத்துக்கு நேரே வரும். துர்க்காவின் வரைபடத்தில் அவள் பெயர் டி-17. மங்கையற்கரசி வைத்த பெயர் கறுப்பி. முகம் முழுக்கக் கரி பிடித்து, கண்ணெது வாயெது என்று தெரியாமல் இருந்தது.

கறுப்பி மட்டுமல்ல, கோட்டையே கறுப்பாகத்தான் இருந்தது. நூற்றிருபது வருச நிலக்கரிப் புகை. போதாக்குறைக்கு இடையில் இருந்த ஒரு சொந்தக்காரர் எல்லாம் ஒரே நிறமாக இருக்கட்டும் என்று செம்மண் நிறத்தில் ஏதோ பூச்சையும் அடித்துவிட்டிருந்தார். கட்டிய காலத்துக் கடிதம் ஒன்றில், கல் முழுவதும் கிறெடிற் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரே குவாரியில் வெட்டிய செந்நிற மணற்கல் என்று எழுதியிருந்தது. ஆர்க்கிடெக்ட் எலன் மூன்று இடத்தில் சுரண்டிப் பார்த்தாள். மூன்றும் மணற்கல். ஆகவே கோட்டை முழுவதையும் அமிலம் கலந்த மருந்து அடித்துக் கழுவுவது என்று முடிவாயிற்று. ஆடி மாதம் பின்சுவரில் ஒரு பகுதியைக் கழுவிக் காட்டினார்கள். ட்ரெயிலர் யன்னல்களைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கச் சொன்னதால், மங்கையற்கரசி கண்ணாடிக்குள்ளால் எல்லாவற்றையும் பார்த்தாள். மருந்து சத்தமில்லாமல் வழிந்தது. தண்ணீர் அடித்ததும், உள்ளேயிருந்து பழுத்த செவ்விளநீர் நிறத்தில் ஒரு சுவர் வெளியே வந்தது. அன்று முழுக்க அவள் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அதே ஆடி மாதம் இன்னொன்றும் நடந்தது. ஒரு வேலையாள் ஏணியைச் சாத்தியபோது செதுக்கிய கல் இலை ஒன்றின் நுனி உடைந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவன் போய்விட்டான். "கல்லைச் சேதப்படுத்தினால் அன்றைக்கே வெளியே. என் தம்பியென்றாலும்தான்" என்று ஃபோர்மன் மனுவேல் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னான். மனுவேல் போர்த்துக்கல்காரன். மங்கையற்கரசி என்ற பெயர் அவன் வாயில் நுழையவில்லை. "மாங்கோ" என்றுதான் கூப்பிடுவான்.

ஆவணி கடைசிக் கிழமை, செவ்வாய்க்கிழமை, அவன் வந்து, "மாங்கோ, வெள்ளிக்கிழமை பெரிய ஆட்கள் வருகிறார்கள். கதவில் இருக்கிற சிங்கம் மினுங்க வேண்டும்" என்று சொல்லி மினுக்குகிற பசை அடைத்த ஒரு தகரப் பேணியைக் கொடுத்தான். கதவு தட்டுகிற பித்தளைச் சிங்கத் தலை அது. பேணியைத் திறந்து மணந்து பார்த்த மங்கையற்கரசி முகத்தைச் சுளித்து மூடிவிட்டாள். பித்தளை மினுக்க அவளுக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு மினுக்கிய கை அது.

மறுநாள் புதன்கிழமை, பையில் ஒரு உருண்டை பழப்புளியும் உப்பும் ஏழெட்டுத் தேசிக்காயும், அதாவது எலுமிச்சங்காயும், கொண்டுவந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேல்படியில் ஏறி நின்று, புளியும் உப்பும் பிசைந்து சிங்கத்தின் பிடரியெல்லாம் அப்பி, அரைத் தேசிக்காயால் தேய்த்தாள். வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போன துர்க்காவைக் கண்டதும் கத்தினாள்.

"பாத்தியே பிள்ளை என்ரை விதியை! கனடாவுக்கு ஓடி வந்தும் சிங்கத்துக்குத்தானே முகம் கழுவிவிட வேண்டிக் கிடக்கு!"

துர்க்கா சிரிப்பை அடக்க முடியாமல் வரைபடத்தால் வாயை மறைத்துக்கொண்டு போனாள்.

சிங்கம் பொன்போல ஆகிவிட்டது. கையில் அரைத் தேசிக்காய் மிச்சம். பக்கத்தில் கறுப்பி.

"உன்னைத்தான் ஒருத்தரும் பாக்கிறேல்லை. வா, உனக்கும் முகம் கழுவிவிடுவம்" என்றாள் மங்கையற்கரசி.

புளியை அப்பி, கொஞ்ச நேரம் விட்டு, தேசிக்காயை இடக் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். சிர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய, வெள்ளை நுரை. சோடாப் போத்தல் திறந்ததுபோலக் கன்னம் முழுக்கப் பொங்கியது. அழுக்குக் கரைகிறது என்று நினைத்த அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. உப்பைப் போட்டு இன்னும் அழுத்தித் தேய்த்தாள். கறுப்புத் தோல் பொருக்காக உரிந்தது. அடியிலிருந்து சாம்பல் கலந்த வெள்ளையில் ஒரு கன்னம். ஒரு கண். இமையின் விளிம்புகூடத் தெரிந்தது. "ஐயோ, எவ்வளவு வடிவு நீ!" என்று சொல்லிக்கொண்டே மூக்கைத் தேய்த்தாள்.

மூக்கின் நுனி கையோடு வந்தது.

உள்ளங்கையில் ஒரு பயறு அளவு கல். மிச்சமெல்லாம் மாவு. ஏணிக்காரனின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதற்குப் பின்னால் கலண்டரில் மூன்று சிவப்பு வட்டம் வந்தது. சுற்றிலும் பார்த்தாள். ஒருவரும் இல்லை. குனிந்து படியோரத்துக் கரித்தூளையும் மண்ணையும் வழித்து, எச்சில் தொட்டு, கறுப்பியின் கன்னத்தில் பூசினாள். ஈரமான கன்னம் அதையும் பொங்கித் தள்ளியது.

பொங்கித் தள்ளியதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அது மண்டையில் உறைத்தது. பின்சுவர் ஏன் பொங்கவில்லை? அன்றைக்கு ஊற்றியது தேசிப்புளி அல்ல, கையில் பட்டால் தோலே கழன்றுபோகிற மருந்து. அதற்கே அந்தச் சுவர் பேசாமல் நின்றதே!

இன்னொரு தேசிக்காயை வெட்டினாள். கறுப்பிக்குப் பக்கத்துச் சுவர்க்கல்லில் பிழிந்தாள். தண்ணீர்போல வழிந்தது. வாசல் வளைவில் பிழிந்தாள். சிர்ரென்றது. யன்னலைச் சுற்றியிருந்த கல்லில் பிழிந்தாள். சிர்ரென்றது! கீழே ஒரு கல் இலை. அதுவும் சிர்ரென்றது! ஒரே கறுப்புக்குள்ளே இரண்டு சாதிக் கல் ஒளிந்திருக்கிறது. சுவர் ஒன்று, செதுக்கினதெல்லாம் வேறொன்று. நூற்றிருபது வருசமாக ஒருத்தருக்கும் தெரியாது. கொடிகாமத்து மங்கையற்கரசிக்குத் தெரியும்.

அண்ணாந்து பார்த்தாள். யன்னலுக்கு யன்னல் தலைகள், இலைகள், பூப்பின்னல்கள். மிச்சக் கோட்டையைக் கழுவ நாளைக் காலை ஏழு மணிக்கு மருந்து லொறி வருகிறது. தேசிக்காய்க்கே மூக்கு போனதென்றால்?

அவள் ட்ரெயிலருக்கு ஓடினாள்.

"பிள்ளை, எழும்பு! நான் பிழையொண்டு விட்டிட்டன். பிழைக்குள்ளை பெரிய விசயமொண்டு கிடக்கு. கெதியா வா!"

துர்க்கா வந்து பார்த்தாள். தானே ஒரு பாதியைப் பிழிந்து பார்த்தாள். அவளுடைய கண் அகன்றது. "அன்ரி, உது சுண்ணாம்புக்கல். பள்ளிக்கூடத்திலை படிச்சது. அமிலம் பட்டாப் பொங்கும். யாழ்ப்பாணம் முழுக்க உந்தக் கல்லிலைதானே நிக்குது!"

"அதுதான் என்னைக் கண்டவுடனை பொங்கியிருக்கு. நாளைக்கு லொறி வந்தா என்ன நடக்கும்?"

"முகமெல்லாம் போயிடும்."

இருவரும் கறுப்பியைப் பார்த்தார்கள். துர்க்கா குரலைத் தாழ்த்தினாள். ஒரு நாளில் பேசுவதை ஒரே மூச்சில் பேசினாள். "அன்ரி, உங்கடை பேரைச் சொல்லத் தேவையில்லை. நான் சோதிச்சுப் பாத்தனான் எண்டு சொல்லுறன். மூக்கு முந்தியே உடைஞ்சு கிடந்ததெண்டு வைப்பம். படத்திலை நான்தானே எழுதுறது. வெள்ளிக்கிழமை முடியட்டும்."

மங்கையற்கரசி உள்ளங்கையைத் திறந்து அந்தப் பயறளவு கல்லைப் பார்த்தாள். பிரதீபாவின் குரல் காதில் கேட்டது. எனக்குக் காட்டுவியளோ? இதை மறைத்தால் கடிதம் வரும். பிள்ளையும் வரும். வந்து இந்த முகத்தைப் பார்த்து, மூக்கு எங்கே அம்மா என்று கேட்கும்.

"இல்லை பிள்ளை. எங்கை பிழிஞ்சனீ, ஏன் பிழிஞ்சனீ எண்டு உன்னைக் கேட்டா நீ முழுசுவாய். உனக்குப் பொய் வராது, முகம் சிவந்திடும்." பிறகு நெஞ்சை நிமிர்த்தினாள். "அதோடை, கண்டுபிடிச்சது நானெல்லே! பிழையும் என்ரை, கண்டுபிடிப்பும் என்ரை. ஒண்டைத் தந்திட்டு மற்றதை வைச்சிருக்க ஏலாது."

மனுவேல் வந்தான். மூக்கைக் கண்டான். அவனுக்குத் தெரிந்த போர்த்துக்கீசு வசவெல்லாம் அந்தப் படிகளில் உருண்டது. "மாங்கோ! புளியா? சாப்பாட்டுச் சாமானா? உன் சாமான்களை எடு. வெளியே!"

"போறன் சேர், போறன். டூ மினிற். லுக் ஃபெஸ்ற்" என்றாள் மங்கையற்கரசி. தன்னுடைய இங்கிலீசும் அவனுடைய இங்கிலீசும் ஒரே வயது என்பதால் அவனோடு கதைக்க அவளுக்குப் பயமில்லை. சுவரில் பிழிந்தாள். "திஸ், சைலன்ற்." யன்னல் கல்லில் பிழிந்தாள். "திஸ், டோக்கிங்!"

மனுவேல் காதைக் கொண்டுபோய் அந்தக் கல்லில் வைத்தான். நுரை அவனுடைய மீசையில் ஒட்டிக்கொண்டது. இருபத்தைந்து வருசம் கல்லோடு வேலை செய்தவன். முகத்திலிருந்த கோபம் வழிந்துபோய், மெல்ல மெல்ல ஒரு பயம் ஏறிற்று. ட்ரெயிலரில் இருந்த தொலைபேசிக்கு ஓடினான். அவன் ஓடியதை அங்கே ஒருவரும் அதற்கு முதல் கண்டதில்லை.

நகரத்துக்குள் இருந்த அலுவலகத்திலிருந்து எலன் வந்துசேர ஐந்து மணியாயிற்று. அவள் தன்னுடைய சின்ன அமிலப் போத்தலிலிருந்து ஒரு துளியை வாசல் வளைவில் விட்டாள். அது பொங்கியது. அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூன்று இடத்தில் சோதித்தேன். மூன்றும் சுவரில். செதுக்கிய கல்லைத் தொடவே கூடாதென்று நான்தான் எல்லோருக்கும் சொன்னேன். நானும் தொடவில்லை" என்றாள். பிறகு திடீரென்று எழுந்தாள். அவளுடைய குரல் ஏறிவிட்டது. "இது நயாகராப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லாக இருக்க வேண்டும். குவீன்ஸ்ரன் கல். மணற்கல்லில் கண்ணிமை செதுக்க வராது என்று சிற்பி கேட்டிருப்பான். ஏரியில் கப்பலில் ஏற்றி வந்திருப்பார்கள். அந்தக் கடிதம் சுவருக்கு மட்டும்தான்! நாளைக்குள் எது எந்தக் கல் என்று எனக்கு முழுவதும் தெரிய வேண்டும்."

அவளுடைய போத்தலில் இருந்தது பத்துத் துளி. தேசிக்காயும் முடிந்திருந்தது. துர்க்கா காரை எடுத்துக்கொண்டு மார்க்கம் வீதித் தமிழ்க் கடைக்குப் பறந்து, ஒரு பை தேசிக்காயோடு வந்தாள்.

"கடைக்காரன் என்ன கேட்டவன்?" என்று மங்கையற்கரசி விசாரித்தாள்.

"வீட்டிலை என்ன விசேசம் எண்டு கேட்டவர். ஊறுகாய் எண்டனான்."

"பாத்தியே! பொய் சொல்லப் பழகீட்டாய்."

ஆவணி மாதத்து வெயில் எட்டு மணிவரை கிடந்தது. மனுவேல் சாரக்கட்டில் மேல்மாடி யன்னல்கள். எலன் சதுரக் கோபுரம். மங்கையற்கரசி வாசலும் வட்டக் கோபுரத்தின் அடியும். கீழே புல்லில் வரைபடத்தை விரித்துப்போட்டுக்கொண்டு துர்க்கா. பொங்கினால் நீலப் பென்சில், பொங்காவிட்டால் சிவப்பு. பெரிய தலைகளில் முன்பக்கம் தொடக் கூடாது, கண்ணுக்குப் படாத மூலையில் ஒரே ஒரு சொட்டு, உடனே தண்ணீர்.

"டபிள்யூ நாப்பத்தொண்டு, பொங்குது!" என்று மங்கையற்கரசி கத்துவாள்.

"டபிள்யூ நாப்பத்திரண்டு?"

"அதுவும் பொங்குது! நாப்பத்துமூண்டு சும்மா கிடக்குது!"

முதலில் மனுவேல் இங்கிலீசில் சொல்லிப் பார்த்தான். அரை மணித்தியாலத்தில் அவனுக்கும் தொற்றிவிட்டது. மேலேயிருந்து, "பொங்குது! மாங்கோ, பொங்குது!" என்று முழங்கினான். கோபுரத்து மூலையிலிருந்து எலனும், "பொங்குது!" என்றாள். அம்பு விடாத ஓட்டைகளும் சண்டை காணாத கொத்தளமும் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஆரவாரம் கேட்டன. ஜாம் அறை ஓட்டையின் விளிம்புகூடப் பொங்கியது. "உதுக்குமோ செலவழிச்சவர்!" என்று மங்கையற்கரசி வியந்தாள். வெயில் இறங்கும்போது புல்லில் கிடந்த கோட்டை, சிவப்பு உடம்பும் நீலப் புருவமும் நீல உதடுமாகப் புதிதாக ஒரு முகம் எடுத்திருந்தது. வளைவு, யன்னல், தலை, இலை, கொத்தளத்தின் மேல்விளிம்பு, எல்லாம் நீலம்.

மறுநாள் ஏழு மணிக்கு வந்த லொறியை மனுவேல் வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினான். அதை மங்கையற்கரசி கோட்டைக்கு முன்னாலிருந்த பஸ் தரிப்பில் நின்று பார்த்தாள். உள்ளே போகலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. முதல்நாள் "வெளியே" என்றவன் பிறகு "வா" என்று சொல்லவில்லை. அவள் பாட்டுக்கு வந்து வாளியை எடுத்தாள். மனுவேல் கண்டும் காணாதவன்போலப் போனான். எலன் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். டி-17இன் மூக்கு உடைந்ததை அவள் எழுதத்தான் வேண்டும். அதை டிறெக்டர் வாசிக்கத்தான் வேண்டும். வெள்ளிக்கிழமை கடிதம் இருக்கிறதா இல்லையா என்பது அவருடைய கையில்.

வியாழக்கிழமை இரண்டு முறை மலசலகூடம் கழுவினாள். ஏற்கெனவே கழுவியது மறந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை கோட் போட்ட ஆறேழு பேர் வந்தார்கள். சிங்கம் பளபளத்தது. எலன் அவர்களைக் கறுப்பியின் முன்னால் நிறுத்தினாள். பாதி முகம் கரி, பாதி முகம் வெள்ளை, மூக்கு மொட்டை. டிறெக்டர் குனிந்து பார்த்தார். எலன் நீளமாக ஏதோ சொன்னாள். ட்ரெயிலர் யன்னலுக்குப் பின்னால் மங்கையற்கரசி துர்க்காவின் கையைப் பிடித்திருந்தாள்.

"என்ன சொல்லுறா? சொல்லு பிள்ளை."

"ஒரு மூக்கு போனதாலை மற்ற எல்லா மூக்கும் தப்பீட்டுது எண்டு சொல்லுறா."

"அவர்?"

"நிமிர்ந்திட்டார். இஞ்சை வாறார். அன்ரி, கையை விடுங்கோ, நோகுது."

டிறெக்டர் உள்ளே வந்து, மேசையில் கிடந்த தாள்களில் ஒவ்வொன்றாகக் கையெழுத்து வைத்தார். அவர் போன பிறகு மனுவேல் ஒரு கடித உறையைக் கொண்டுவந்து நீட்டினான். மேலே எழுதியிருந்த பெயரை வாசிக்க முயன்றான். "மங்... மங்கை... கர..." தலையை ஆட்டினான். "மாங்கோ, இது நீதான்."

கடிதத்தைத் துர்க்காதான் வாசித்துச் சொன்னாள். மங்கையற்கரசி தியாகலிங்கம் இந்தக் கொம்பனியில் நிரந்தரமாக வேலை செய்கிறார் என்று இருந்தது. மங்கையற்கரசி அதை மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். மூன்றாவது முறை, "நிரந்தரம்" என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, அந்தச் சொல்லைத் தடவிப் பார்த்தாள். அன்று பின்னேரமே இருவரும் போய் அதைப் பதிவுத் தபாலில் போட்டார்கள்.

புரட்டாசி முதல் கிழமை துர்க்காவுக்கு வேலை முடிந்தது. கடைசி நாள், வரைபடங்களை எலனிடம் ஒப்படைக்க அவள் ட்ரெயிலரை நோக்கிப் போகும்போது மங்கையற்கரசி வாசற்படியிலிருந்து கூப்பிட்டாள். சுண்ணாம்புக்கல்லை வெறும் தண்ணீராலேயே கிழமைக்கணக்கில் நனைத்து நனைத்துக் கழுவும் வேலை தொடங்கியிருந்தது. கறுப்பியின் மற்றக் கன்னமும் வெளுத்து வந்திருந்தது. முப்பது வயதுதான் இருக்கும்போல ஒரு முகம். எதையோ கேட்டுச் சிரிக்கப் போகிறவளின் வாய்.

"பிள்ளை, எலன் மிஸ் சொல்லுறா, வாற வருசம் நயாகராவிலையிருந்து புதுக்கல் எடுப்பிச்சு இவளுக்கு மூக்கு வைக்கப்போறாவாம். எனக்கு விளங்கினது சரியோ?"

"ஓம் அன்ரி. படத்திலையும் எழுதியிருக்கு."

மங்கையற்கரசி ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கிட்டே வந்து, துர்க்காவின் கையிலிருந்த வரைபடச் சுருளைத் தொட்டாள்.

"எனக்காண்டி ஒண்டு கேள். என்ரை இங்கிலீசிலை கேட்டா மிஸ்ஸுக்கு விளங்காது, நீதான் வடிவாச் சொல்லவேணும். மூக்கை வைக்கட்டும், நான் மறிக்கேல்லை. ஆனா என்ரை பிள்ளை வருமட்டும் வைக்கவேண்டாம் எண்டு சொல்லு. அவள் வந்து உப்பிடியே ஒருக்கா பாக்கவேணும்."